கடல் அமைதியாக இருந்தால் மட்டும் போதுமா?

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு நெய்க்காரப்பட்டி, பழனி, உடுமலை, ஒட்டன்சத்திரம் வட்டாரக் குடும்பங்கள் வேன் பேசிக்கொண்டு கிளம்புவது பெரும்பாலும் கடலைப் பார்த்துத்தான். திருச்செந்தூர், இராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று கோயிலும் கடலும் சேர்ந்த ஊர்களைக் கோத்து இரண்டு மூன்று நாளில் சுற்றி வருவது இந்தப் பக்கத்து வழக்கம். பாலக்காட்டிலிருந்து திருச்செந்தூர் போகும் ரயில் பழனி வழியாகவே போகிறது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் இராமேஸ்வரம் வரை மீண்டும் ரயிலில் போக முடிகிறது. ஆகவே இனிவரும் ஆண்டுகளில் சமவெளியிலிருந்து கடலுக்குப் போகிறவர்களின் எண்ணிக்கை கூடுமே தவிரக் குறையாது. கிளம்பும் முன்பு வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: அங்கே அலை இருக்காதே, பிள்ளைகளை இறக்கலாமா? இது நியாயமான கேள்வி. ஆனால் இதோடு நின்றுவிட்டால் ஆபத்தின் பாதியைத்தான் கேட்டிருக்கிறோம். கடல் அமைதியாகத் தெரிவது அந்த வேளையின் நிலை. பாதுகாப்போ மனிதர்கள் திட்டமிட்டுச் செய்து வைக்க வேண்டிய ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைக் கேட்டுப் பெறும் உரிமை நமக்கு உண்டு என்பதும், அது இல்லாமல் தீங்கு நேர்ந்தால் ஈடு கேட்கச் சட்டத்தில் வழி உண்டு என்பதும் பரவலாகத் தெரியவில்லை. தெரியாததாலேயே ஒவ்வொரு கோடையிலும் உயிரிழப்புகள் விதியின் கணக்கில் எழுதப்பட்டு மறக்கப்படுகின்றன.

குடும்பத்தோடு போக ஏற்ற அமைதியான கடற்கரை என்றால் உலகம் முதலில் கிரேக்கத் தீவுகளைச் சொல்லும். கிரீட் தீவின் தென்மேற்கு மூலையிலுள்ள எலாஃபோனிசியில் சின்னக் குழந்தைகளும் நிற்கக்கூடிய ஆழத்தில் நீர் வெகுதூரம் பரவிக் கிடக்கிறது. அந்தப் புகழுக்கு இயற்கை பாதிக் காரணம்தான். கோடையின் உச்சத்தில் ஈஜியன் கடலில் வடக்கிலிருந்து 'மெல்தெமி' என்ற பலத்த காற்று வீசும். நேற்றுக் குளம்போல் கிடந்த வடகரை இன்று கொந்தளிக்கும். தென்கரை ஒதுக்கில் சலனம் இராது. உள்ளூர்க்காரர்கள் காற்றைப் பார்த்த பிறகே எந்தக் கரைக்குப் போவது என்று முடிவு செய்கிறார்கள். இதற்கு மேல் சட்டமும் வருகிறது. மக்கள் திரளும் கடற்கரைகளில் பயிற்சி பெற்ற உயிர்காப்பாளரை நிறுத்துவதை 2018-ஆம் ஆண்டின் அரசாணை அங்கே கட்டாயமாக்கியது. 600-க்கும் மேற்பட்ட கடற்கரைகள் 'நீலக்கொடி' தகுதிச் சான்று வைத்திருக்கின்றன. அங்குள்ள நிம்மதி கடலும் காற்றும் சட்டமும் சேர்ந்து தந்தது. நம்மிடம் கடல் இருக்கிறது, காற்றை அறிந்த மீனவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவதில்தான் குறை.

தோற்றம் எப்படி ஏமாற்றுகிறது

கரைக்கு வந்து உடையும் அலைநீர் மீண்டும் கடலுக்குள் திரும்பியாக வேண்டும். சில இடங்களில் அந்த நீர் முழுவதும் ஒரு குறுகிய தடத்தில் திரண்டு உள்ளே பாய்கிறது. இந்த இழுப்பு நீரோட்டம் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தையும் தாண்டும். ஒலிம்பிக் வீரரும் அதை எதிர்த்து நீந்திக் கரையேற முடியாது. அந்தத் தடத்தில் ஆழம் கூடுதலாக இருப்பதால் அலை அங்கே உடைவதில்லை. இருபுறமும் நுரை பொங்கும்போது நடுவில் மட்டும் நீர் சற்றுக் கருத்து, சலனமில்லாமல் தெரியும். அலைக்குப் பயந்த பெற்றோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தேடிப் போவது அந்த இடத்தைத்தான். கடற்கரையில் ஆகப் பெரிய ஆபத்து ஆக அமைதியான முகத்தோடு இருக்கக்கூடும் என்ற இந்த ஓர் உண்மையைப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தாலே பல உயிர்கள் மிஞ்சும்.

அடுத்தது பருவம். இராமேஸ்வரம் தீவின் வடக்கே பாக் விரிகுடா. பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாத கடல். தெற்கே மன்னார் வளைகுடா. உள்ளே போகப்போக ஆயிரம் மீட்டரையும் தாண்டும் ஆழம். உச்சிப்புளி அருகே சவுக்குத் தோப்பையொட்டிய அரியமான் கடற்கரையில் அலை அடங்கிக் கிடப்பதற்கு அது பாக் விரிகுடாவில் இருப்பதே காரணம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வீசத் தொடங்கினால் அதே விரிகுடா குமுறும். தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் சீறும். இரண்டும் சந்திக்கும் தனுஷ்கோடி அரிச்சல்முனையில் எந்த மாதமும் நீரோட்டத்தை நம்ப முடியாது. 1964 டிசம்பரில் புயல் அந்த ஊரை அழித்தது இந்தக் கடலைக் கொண்டுதான். இலங்கையின் மட்டக்களப்புப் பக்கம் பாசிக்குடாவும் இப்படியே. இடுப்பளவு நீரில் வெகுதூரம் நடந்து போகலாம் என்று பெயர் பெற்ற கடற்கரை அது. ஆனால் அந்தப் பெயர் பொருந்துவது வைகாசி முதல் ஆவணி வரையிலான மாதங்களுக்கு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அங்கே கடல் வேறு. ஆகவே இன்ன கடற்கரை அமைதியானது என்று யாராவது சொன்னால், எந்த மாதத்தில் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

மூன்றாவது ஆபத்துக்கு உள்ளூரில் எந்த அறிகுறியும் இராது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயல்கள் நீண்ட அலைகளைக் கிளப்பிவிடுகின்றன. அவை பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து சில நாட்கள் கழித்து நம் கரையை அடைகின்றன. இங்கே வானம் தெளிவாக இருக்கும், காற்று இராது, கடல் மட்டும் திடீரென்று உயரும். கேரள மீனவர்கள் 'கள்ளக்கடல்' என்று அழைத்த இதை உலகக் கடலறிவியலும் அதே பெயரால் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் சித்திரை, வைகாசியில், நம் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை விட்டிருக்கும் அதே வாரங்களில் வருவது இது. 2024 மே தொடக்கத்தில் ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் தென் தமிழகக் கரைக்கு இப்படியொரு எச்சரிக்கை விடுத்திருந்தது. மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் திருச்சி தனியார் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 5 பேரைக் கடல் கொண்டுபோனது. இறந்தவர்கள் படித்தவர்கள், இளைஞர்கள், உயிர் காக்கும் கலையையே கற்றுக்கொண்டிருந்தவர்கள். எச்சரிக்கையும் இருந்தது. எச்சரிக்கைக்கும் நீரில் இறங்கும் மனிதருக்கும் நடுவே நின்று தடுக்கும் ஏற்பாடு வலுவாக இல்லை என்பதே அந்த மரணங்கள் சொல்லும் பாடம்.

கிணற்று நீச்சல் கடலில் உதவுமா

எங்கள் பிள்ளைகள் கிணற்றிலும் குதிரையாற்றிலும் சண்முகநதியிலும் நீந்திப் பழகியவர்கள், அவர்களுக்கு என்ன பயம் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். நீச்சல் தெரிவது நல்லதுதான். நீரில் பதறாமல் இருக்க அது உதவும். ஆனால் கிணற்று நீர் நின்ற நீர். சுவர் எட்டும் தூரத்தில் இருக்கும், படி எங்கே என்று தெரியும், மேலே ஆள் இருக்கும். கடலில் கால் ஊன்றிய மணலே நகர்கிறது. கரையைப் பார்த்து நேராக நீந்து என்று கிணறு கற்றுக்கொடுத்த பழக்கம்தான் இழுப்பு நீரோட்டத்தில் சிக்கியவரைச் சோர வைத்து மூழ்கடிக்கிறது. அங்கே செய்ய வேண்டியது வேறு. ஓட்டத்தோடு மல்லுக்கட்டக் கூடாது. மல்லாந்து மிதந்து கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தக் குறுகிய தடத்திலிருந்து விலகிய பிறகே கரையை நோக்கித் திரும்ப வேண்டும். நீச்சல் தெரிந்த தகப்பனோ அண்ணனோ பிள்ளையைக் காப்பாற்றப் பாய்ந்து இருவரும் மடிவது அடிக்கடி நடக்கிறது. பாய்வதற்கு முன் மிதக்கும் பொருள் எதையாவது வீசுங்கள். மூடி போட்ட காலிக் குடிநீர்க் கேன்கூட ஒரு பிள்ளையை மிதக்க வைக்கும். வேனில் அது எப்படியும் இருக்கும்.

கரையேற்றியவருக்குச் செய்யும் முதலுதவியிலும் நம்மிடம் ஒரு தவறு வேரூன்றிக் கிடக்கிறது. வயிற்றை அமுக்குவது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது எல்லாம் நேரத்தை வீணாக்கும்; வாந்தி மூச்சுக்குழலில் போய் நிலைமை மோசமாகும். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, மார்பின் நடுவே அழுத்தத் தொடங்க வேண்டும்; ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். பிழைத்தவர் நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்கு அழைத்துப் போவது அவசியம், ஏனென்றால் நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம். காவல்துறை வந்தபின் பார்க்கலாம் என்று எந்த மருத்துவமனையும் அவசரச் சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது. அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும் முதலில் உயிரைக் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-இலேயே தீர்ப்பளித்துவிட்டது.

பாதுகாப்பு என்ற ஏற்பாடு

டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளை வழங்கும் நீலக்கொடிச் சான்றுக்கு 33 நிபந்தனைகள் உண்டு. நீரின் தூய்மை, கழிப்பறை, குப்பை மேலாண்மை, மாற்றுத்திறனாளிகளுக்கான வழி, முதலுதவி, உயிர்காப்பாளர் எல்லாம் அதில் அடக்கம். தமிழ்நாட்டில் செங்கல்பட்டு மாவட்டக் கோவளம் 2021-இல் இந்தச் சான்றைப் பெற்றது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் நீண்ட கரையுள்ள மாநிலத்தில் இது ஒரு தொடக்கம்தான். கொடிகளின் மொழியையும் நாம் அறிந்திருக்க வேண்டும். மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமான கொடிகள் இரண்டுக்கு நடுவிலுள்ள பகுதியில் உயிர்காப்பாளர் கண்காணிக்கிறார் என்று பொருள். குளிப்பதானால் அங்கேதான் குளிக்க வேண்டும். தனி மஞ்சள் என்றால் கவனம், தனிச் சிவப்பு என்றால் பெரும் ஆபத்து, இரட்டைச் சிவப்பு என்றால் நீரில் இறங்கவே தடை. ஊதா நிறம் சொறி மீன் போன்ற கடலுயிர்களால் தீங்கு வரலாம் என்று சொல்கிறது. கொடியே இல்லாத கரையில் கண்காணிக்க ஆளில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு நீண்ட கரை முழுக்க ஆள் நிறுத்த அரசால் ஆகுமா என்று கேட்பார்கள். ஆகாது; யாரும் அப்படிக் கேட்கவும் இல்லை. மக்கள் கூடும் இடங்கள் எவை என்று அரசுக்குத் தெரியும். திருச்செந்தூரில் சஷ்டிக்கு எத்தனை பேர் வருவார்கள், இராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் ஆடி அமாவாசைக்கு எவ்வளவு கூட்டம் என்பதைக் கணக்கிட்டுத்தான் பேருந்து விடுகிறார்கள், காவலர்களைக் குவிக்கிறார்கள். அந்தக் கணக்கிலேயே உயிர்காப்பாளரையும் சேர்க்கலாம். குளிக்கத் தகுந்த சில பகுதிகளைத் தேர்ந்து கொடி நட்டு ஆள் நிறுத்தி, மற்ற இடங்களில் இறங்க வேண்டாம் என்று தெளிவாக எழுதி வைப்பது எட்டாத காரியம் இல்லை. கோவா அரசு 2008 முதல் தன் கடற்கரைகளுக்கென்று பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர் படையை ஒப்பந்த அடிப்படையில் வைத்திருக்கிறது. நம் நாட்டின் சட்டத்துக்கும் நம் நாட்டின் செலவுக்கும் உட்பட்டே அது நடக்கிறது. 2023 டிசம்பரில் ஒன்றிய சுகாதார அமைச்சகம் நீரில் மூழ்கி இறப்பதைத் தடுப்பதற்கான செயல்திட்ட வரையறையை வெளியிட்டது. ஆண்டுக்கு 35,000-க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறப்பதாக அரசின் குற்ற ஆவணக் காப்பகமே கணக்குச் சொல்லும் நாட்டில் அந்த வரையறை கடற்கரை மணலுக்கு வந்து சேர வேண்டும்.

இன்னொரு மறுப்பு மீனவர் பக்கமிருந்து வருகிறது; அதைத்தான் அதிகக் கவனத்தோடு கேட்க வேண்டும். சுற்றுலாவுக்காகக் கடற்கரையை அழகுபடுத்தும்போது வலை உலர்த்தும் இடமும் படகு ஏற்றும் இடமும் பறிபோகின்றன என்பது அவர்களின் கவலை. அது உண்மையான கவலை. சமவெளிக் குடும்பம் இரண்டு நாள் வந்து போகும் கரை, அவர்களுக்கு ஆண்டு முழுவதும் சோறு போடும் இடம். ஆகவே பாதுகாப்பு ஏற்பாடு அவர்களை வெளியேற்றுவதாக அமையக் கூடாது, அவர்களைக் கொண்டே அமைய வேண்டும். எந்த விபத்திலும் முதலில் படகைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் உள்ளூர் மீனவர்களே. அந்த இளைஞர்களுக்கே முதலுதவிப் பயிற்சியும் கருவியும் மாதச் சம்பளமும் கொடுத்து உயிர்காப்பாளராக அமர்த்தினால் நமக்குக் காவல் கிடைக்கும், அவர்களுக்குப் பிழைப்பு கிடைக்கும். குளிக்கும் பகுதியையும் படகுப் பகுதியையும் பிரித்துக் குறிப்பது இரு தரப்புக்கும் நல்லது.

நம் உரிமைகள்

கடற்கரை யாருக்குச் சொந்தம் என்பதிலிருந்து தொடங்கலாம். கடலோரம், ஆறு, காடு போன்றவை மக்களின் பொதுச்சொத்து, அரசு அவற்றின் அறங்காவலர் மட்டுமே என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் கமல்நாத் வழக்கில் நிலைநாட்டியிருக்கிறது. ஆகவே விடுதிக்கு முன்னால் இருப்பதால் மட்டும் கடல் அந்த விடுதிக்கு உரியதாகிவிடாது. கிரேக்கத்தில் பாரோஸ் தீவு மக்கள் 2023-இல் இதே கேள்விக்காகத் திரண்டார்கள். கட்டணப் படுக்கைகளும் குடைகளும் மணல் முழுவதையும் விழுங்கிவிட்டன, துண்டு விரித்து உட்காரக்கூட இடமில்லை என்பது அவர்கள் புகார். அடுத்த ஆண்டே படுக்கைகளுக்கு வரம்பு கட்டிச் சட்டம் வந்தது. மீறலைக் கைப்பேசியிலேயே புகார் செய்ய அரசு ஒரு செயலியும் தந்தது. மக்கள் கேட்டதால்தான் அது கிடைத்தது.

அரசு அறங்காவலர் என்றால் அதோடு கடமையும் சேர்ந்து வருகிறது. 2014 ஜூனில் இமாச்சலப் பிரதேச பியாஸ் ஆற்றில், முன்னறிவிப்பு சரிவர இல்லாமல் லார்ஜி அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர், சுற்றுலா போயிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை அடித்துச் சென்றது. குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று அம்மாநில உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மின்வாரியம், கல்லூரி, மாநில அரசு ஆகிய மூன்றுமே பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும் என்றது. பள்ளிச் சுற்றுலாவுக்குப் பிள்ளையை அனுப்பும் நம் ஊர்ப் பெற்றோர் இந்தத் தீர்ப்பை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டதால், அழைத்துப்போன நிறுவனத்தின் கவனக்குறைவு மன்னிக்கப்பட்டதாகிவிடாது.

பணம் கொடுத்துப் பெறும் சேவையில் நம் கை இன்னும் வலுவாக இருக்கிறது. கேரளக் கோவளத்தில் அரசுச் சுற்றுலாக் கழகத்தின் விடுதி நீச்சல் குளத்தில் 2006-இல் ஒருவர் மூழ்கி இறந்தார். குளத்தைக் காக்க வேண்டிய உயிர்காப்பாளருக்கு மதுக்கூடத்தில் பரிமாறும் வேலையும் தரப்பட்டிருந்தது வழக்கில் வெளிவந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் விதித்த 62.50 லட்சம் ரூபாய் இழப்பீட்டை 2019-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கடலுக்குப் பயந்து விடுதிக் குளமே போதும் என்று நினைக்கும் குடும்பங்களுக்கு இதில் இரண்டு செய்திகள் உண்டு. குளமும் கண்காணிப்பு இல்லாமல் பாதுகாப்பாகாது. விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று சுவரில் பலகை மாட்டிவிட்டால் நீதிமன்றத்தின் கேள்வியிலிருந்து தப்பிவிட முடியாது.

குடும்பத்துக்கு ஏற்ற கடற்கரை என்றால் பெண்கள் அச்சமில்லாமல் குளித்து உடை மாற்றக்கூடிய இடமாகவும் இருக்க வேண்டும். 2024 டிசம்பரில் இராமேஸ்வரம் அக்னி தீர்த்தம் அருகே தனியார் உடைமாற்றும் அறை ஒன்றில் ஒளித்து வைத்த கேமராவை ஒரு பெண்ணே கவனித்துப் புகார் செய்தார்; கைதுகளும் நடந்தன. பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவின்படி இது முதல் குற்றத்துக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறைக்குரியது. ஊர் திரும்பிய பிறகு தெரியவந்தாலும் புகார் செய்ய மறுபடி இராமேஸ்வரம் போகத் தேவையில்லை. எல்லை பார்க்காமல் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளும் முதியோரும் கடலை அருகே சென்று பார்க்க வழி கேட்பதும் சலுகையன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அடிப்படையில் எழும் கோரிக்கை அது. 2022-இல் சென்னை மெரினாவில் மரப்பாதை போட முடிந்ததென்றால் தென்கரையிலும் போட முடியும்.

தீங்கு நேர்ந்தால் என்ன வழி

ஆபத்து நேரத்தில் 112 எந்த அவசரத்துக்கும் பொதுவான எண். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல்படையின் மீட்புப் பணிக்கு 1554, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. கிளம்பும் முன்பே ஓட்டுநர் உட்பட எல்லோருடைய கைப்பேசியிலும் இவற்றைப் பதிந்துகொள்ளுங்கள். உயிரிழப்பு நேர்ந்துவிட்டால், துயரத்தின் நடுவிலும் தவறவிடக் கூடாத காரியம் காவல் நிலையத்தில் பதிவு செய்வதும் உடற்கூறாய்வுக்கு உடன்படுவதும். உடலை உடனே ஊருக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்ற தவிப்பில் பல குடும்பங்கள் இதைத் தவிர்க்கப் பார்க்கின்றன. பிறகு எந்த ஈட்டுக்கும் அடிப்படை ஆவணமே இல்லாமல் நிற்கின்றன. வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கப்படும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் நீரில் மூழ்கி இறப்பதும் அடங்கும். 18 முதல் 70 வயது வரை உள்ளவருக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு. ஆனால் காவல்துறையில் பதிவு இருக்க வேண்டும், 30 நாட்களுக்குள் வங்கியில் கோர வேண்டும். இறந்தவர் கணக்கில் அந்த 20 ரூபாய் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கக்கூடத் தோன்றாமல் இந்தத் தொகையை இழக்கும் வீடுகள் நம் பக்கத்தில் இருக்கக் கூடாது.

விடுதி, சுற்றுலா ஏற்பாட்டாளர், படகுச் சவாரி நடத்துபவர், கட்டணம் வாங்கும் நீர் விளையாட்டு நிலையம் ஆகியோரின் குறைபாட்டால் தீங்கு நேர்ந்தால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. பழைய சட்டத்தில், எதிர்த்தரப்பு இருக்கும் ஊருக்கோ சம்பவம் நடந்த ஊருக்கோ போய்த்தான் வழக்குப் போட வேண்டியிருந்தது. இப்போது புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். இராமேஸ்வரத்தில் நடந்ததற்கு நெய்க்காரப்பட்டிக் குடும்பம் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். சேவைக்குக் கொடுத்த கட்டணம் 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை மனுக் கட்டணமே இல்லை. ஒரு வேன் பயணமோ மூன்று நாள் தங்கலோ இந்த வரம்புக்குள்தான் வரும். சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். ரசீது, முன்பதிவுக் குறுஞ்செய்தி, வாகன நிறுத்தச் சீட்டு, அறிவிப்புப் பலகை இருந்ததா இல்லையா என்று காட்டும் புகைப்படம் எல்லாம் சான்றுகள். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் வழி சொல்லும்.

கட்டணமே வாங்காத பொதுக் கடற்கரையில் நுகர்வோர் சட்டம் பொருந்தாது. அங்கே அரசின் கடமை தவறியதைக் காட்டி உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கோரலாம். உயிரிழப்புக்கான வழக்கு என்றால் அதற்கும் இரண்டாண்டுக் கெடு உண்டு. அப்பட்டமான அலட்சியம் என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையை நாடலாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் எங்கே என்ற தயக்கம் வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் கடமைப்பட்டிருக்கிறது. உதவி எண் 15100. முதலமைச்சர் பொது நிவாரண நிதியிலிருந்து வரும் தொகை அரசு மனமுவந்து தருவது. அதைப் பெற்றுக்கொண்டதால் இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடாது.

விபத்துக்கு முன்பே செயல்படத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணத்தில், இன்ன கடற்கரையில் எத்தனை உயிர்காப்பாளர்கள், எந்த நேரத்தில் பணியில் இருக்கிறார்கள், சென்ற மூன்றாண்டில் எத்தனை பேர் மூழ்கினார்கள் என்று அந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தைக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நம் ஊர்ப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகமே சுற்றுலாவுக்கு முன்பு இப்படியொரு மனுப் போட்டால், கடற்கரையைப் பராமரிப்பவர்களுக்குத் தாங்கள் கவனிக்கப்படுகிறோம் என்பது தெரியும்.

தன் பொறுப்பு இல்லையா

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கும். எச்சரிக்கையை மீறி இறங்குகிறவருக்கும் குடித்துவிட்டு அலையோடு விளையாடுகிறவருக்கும் அரசு என்ன செய்யும்? இதில் உண்மை உண்டு. தடையை மீறியவரின் பங்கைக் கணக்கிட்டு நீதிமன்றமும் இழப்பீட்டைக் குறைக்கும். மது அருந்தியவரை நீரில் விடாமல் தடுப்பதும், சின்னப் பிள்ளைகளைக் கைநீட்டினால் தொடும் தூரத்தில் வைத்துக்கொள்வதும், படம் எடுக்கும் கையில் பிள்ளையின் காவலை ஒப்படைக்காமல் இருப்பதும் குடும்பத்தின் கடமைகள். இருட்டியபின் யாரும் நீரில் இறங்கக் கூடாது. ஆனால் தன் பொறுப்பு என்பது தகவல் கிடைத்த பிறகுதான் முழுமையாகும். கடலையே ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கிறவருக்கு இழுப்பு நீரோட்டத்தின் தடம் தானாகத் தெரியாது. தென்கோடிப் புயலின் அலை இன்று வந்து சேரும் என்பதை அவர் எந்த வானத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்? அவருக்கு அதைச் சொல்லும் கொடியும் பலகையும் ஆளும் அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும். சொல்லாமல் விட்டுவிட்டு, கேட்கவில்லை என்று இறந்தவர்மேல் பழிபோடுவது அறமாகாது.

விதி என்று சொல்கிறவர்களுக்கும் மறுமொழி உண்டு. சாலை விபத்தும் ஒரு காலத்தில் விதியாகத்தான் இருந்தது. தலைக்கவசமும் இருக்கைப் பட்டையும் வேகத் தடையும் 108 வண்டியும் வந்தபின் எத்தனையோ பேர் உயிரோடு வீடு திரும்புகிறார்கள். நீரில் நேரும் சாவும் தடுக்கக்கூடியதே என்று சொல்லித்தான் ஐக்கிய நாடுகள் சபை ஜூலை 25-ஐ அதற்கான விழிப்புணர்வு நாளாக 2021-இல் அறிவித்தது.

ஆகவே அடுத்த கோடையில் வேன் பேசும்போது கேள்விகளையும் சேர்த்தே பேச வேண்டும். போகும் கடற்கரையில் குளிக்கக் குறித்த பகுதி உண்டா? உயிர்காப்பாளர் எத்தனை மணி வரை இருப்பார்? கடல்சார் தகவல் மையம் அந்த வாரத்துக்கு எச்சரிக்கை எதுவும் விட்டிருக்கிறதா? விடுதிக் குளத்துக்கு ஆள் உண்டா? உடை மாற்றும் அறை யாருடைய பொறுப்பில் இருக்கிறது? பதில் கிடைக்காத இடத்தில் காலை நனைத்துக்கொண்டு கரையேறிவிடுவது இன்றைக்குச் செய்யக்கூடிய பாதுகாப்பு. பதில் தர வேண்டியவர்களை எழுத்தில் கேட்டுக்கொண்டே இருப்பது நாளைக்கான பாதுகாப்பு. கடலோர மாவட்டத்து ஆட்சியருக்குச் சமவெளியிலிருந்து நூறு மனுக்கள் போனால், அடுத்த விடுமுறைக்கு அங்கே ஒரு கொடியாவது ஏறும். அந்த மனுக்களை எழுதத் தொடங்க வேண்டியவர்கள் நாம்தான்.